துப்பாக்கி லைசென்ஸ் பிறந்த கதை

அதியமான்கோட்டைக்காரர் ஒருவருக்குத் துப்பாக்கி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தோப்பு வீடு, ரொக்கம் புழங்கும் தொழில், தொப்பூர் கணவாய் வழியாக ராத்திரியில் சேலம் போய் வரும் வேலை என்று ஏதோ ஒரு காரணம். கையில் பணம் இருந்தாலும் நேரே கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. முதலில் தர்மபுரி கலெக்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொழில் என்று அந்தப் படிவம் கேட்பதெல்லாம் எந்த அரசாங்கப் படிவமும் கேட்பவைதான். ஒரு கேள்வி மட்டும் வேறு மாதிரி: எதற்காக வேண்டும்?

டிரைவிங் லைசென்ஸ் கேட்டுப் போகிறவரை வண்டி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். எங்கே போகப் போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். துப்பாக்கி லைசென்ஸின் உயிரோ அந்த ‘எதற்காக’வில்தான் இருக்கிறது. கேட்கிறவருக்கு ஓர் அச்சம், கொடுக்கிற அரசுக்கு வேறோர் அச்சம். இரண்டில் எது பெரியது என்று முடிவு செய்து தரப்படும் காகிதம் அது. இந்தக் காகிதத்துக்கு இருநூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் அரசுகள் மாறின, சட்டங்கள் மாறின. யாருடைய அச்சத்துக்கு மதிப்பு என்பதும் மாறிக்கொண்டே வந்தது.

ஊரின் பெயரில் இருக்கும் அதியமான் நெடுமான் அஞ்சியின் காலத்தில் இப்படியொரு கேள்வியே எழுந்திருக்காது. தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதும், அங்கே நெய் பூசிப் பளபளத்த ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் தலைவனுடையவை முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்ற கருத்தில் இடித்துரைத்ததும் பள்ளிக்கூடத்தில் புறநானூறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆயுதம் தேய்வதே பெருமையாக இருந்த காலம். தர்மபுரிப் பக்கத்து நடுகற்களைப் பார்த்தாலும் இதே கதைதான். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று கல்லில் நிற்கிறவர்களில் பலர் ராஜாவின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஊர்க்காரர்கள். ஊரைக் காக்க அரசனுக்கு வேறு ஆள் கிடையாது. குடிகளின் கையில் ஆயுதம் இருப்பது அவனுக்கு வசதியாகவே இருந்தது.

பாளையக்காரர் காலம்வரை இந்த ஏற்பாடு ஓடியது. வேலும் வளரியும் இருந்த கைகளில் பிறகு நாட்டுத் துப்பாக்கியும் வந்து சேர்ந்தது. ஊர்க்காவலுக்குக் கூலி உண்டு, காவல்காரனுக்கு ஆயுதம் உண்டு. ஆயுதம் வைத்திருக்கிறவனைப் பார்த்து முதலில் அஞ்சியது கிழக்கிந்தியக் கம்பெனிதான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இழந்த பகுதிகளில் பாராமகாலும் ஒன்று. தர்மபுரி அதற்குள் அடக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார்; அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கி நிலத்தை அளந்தார், தீர்வை போட்டார். இந்தப் பக்கம் கம்பெனியின் கவலை வரி. தெற்கே அதன் கவலை வேறு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு அடுத்த ஐந்தாறு வாரங்களில், 1801 டிசம்பர் 1-ஆம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பிளாசியில் ஜெயித்த ராபர்ட் கிளைவின் மகன் இவர்.

தென்பாளையங்களில் இனி யாரும் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அந்தப் பிரகடனம். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஈட்டியையும் துப்பாக்கியையும் ஒப்படைக்க வேண்டும், ஒளித்து வைத்தால் மரண தண்டனை. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கும் இருந்தது: பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கும் ஆயுதங்களுக்குத் தடை இல்லை. இந்தியாவில் துப்பாக்கி லைசென்ஸின் வரலாற்றை 1857-க்குப் பின்னால் தொடங்குவதுதான் வழக்கம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, தமிழ் மண்ணில், தடையும் அனுமதியும் ஒரே தாளில் வந்துவிட்டன. படிவமும் கட்டணமும் முத்திரையும் அப்புறம் வந்தவை. எல்லோருக்கும் தடை, நாங்கள் நம்பும் ஆளுக்கு மட்டும் விலக்கு என்ற சூத்திரம் அன்றைக்கே எழுதியாகிவிட்டது. அச்சம் முழுக்க முழுக்க ஆள்கிறவனுடையது.

1857-இல் வட இந்தியா எரிந்த பிறகு அந்தச் சூத்திரம் நாடு முழுமைக்கும் போனது. அந்த ஆண்டிலும் 1860-லும் சட்டங்கள் வந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்கி 1878-இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்ததுதான் இந்திய ஆயுதச் சட்டம். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தையும் அதே ஆண்டில் அவரே கொண்டுவந்தார். வாயும் கையும் ஒரே வருஷத்தில் கட்டப்பட்டன.

1878 சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி மட்டும் ஆயுதமில்லை. வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு எல்லாம் பட்டியலில் இருந்தன. அதியமானே திரும்பி வந்திருந்தாலும் தன் வேலுக்கு அதிகாரி முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் அர்மீனியருக்கும் அமெரிக்கருக்கும் விலக்கு இருந்தது. ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கேட்காமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், மற்றவர் கைகட்டி நின்று கேட்க வேண்டும். சட்டத்தின் கூர்மை இங்கேதான் இந்தியரைக் குத்தியது.

விசுவாசத்துக்கும் விலக்கு கிடைத்தது. காவிரி பிறக்கும் குடகில், 1857-இல் ஆங்கிலேயர் பக்கம் நின்ற குடவர்களுக்கு 1861-இல் இந்தச் சலுகை தரப்பட்டது. அது இன்றுவரை தொடர்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டுக்கு, 2029 வரை, நீட்டித்திருக்கிறது. குடகில் பிறக்கும் அதே காவிரி ஒகேனக்கலில் விழும் மாவட்டத்தில், வாசலில் காட்டுப் பன்றி வந்து நின்றாலும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. 1861-இன் நம்பிக்கைக் கணக்கு இன்னும் நேராகவில்லை என்பதற்கு இந்த ஆறே சாட்சி.

சட்டத்துக்கு எதிர்ப்பும் நம்மூரில் கேட்டது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் ஆயுதச் சட்டத்தை நீக்கச் சொல்லிப் பேசினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெரியவர்களின் மனுக்களால் சட்டம் அசையவில்லை. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது. எந்தக் கலெக்டரிடமும் லைசென்ஸ் கேட்டு வந்ததில்லை. முப்பத்துமூன்று ஆண்டு பழகிய சட்டத்தால் ஒரு சட்டைப்பைக்குள் இருந்ததைப் பார்க்க முடியவில்லை.

அதே 1911-இல், உலகத்தின் மறுகோடியில், நியூயார்க் மாநிலம் சல்லிவன் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய சிறு துப்பாக்கிக்கு இனி லைசென்ஸ் வேண்டும் என்றது அது. அமெரிக்காவின் கதை நம்முடையதற்கு நேர் எதிரான இடத்தில் தொடங்குகிறது. அங்கே இடுப்பில் வெளிப்படையாகத் துப்பாக்கி தொங்கினால் அவன் கண்ணியவான். கோட்டுக்குள் மறைத்தால்தான் சந்தேகம். 1813-லேயே கென்டக்கி, மறைத்து ஆயுதம் கொண்டுபோவதைத் தடை செய்தது. ஆகவே அங்கே லைசென்ஸ் என்பது ‘மறைத்துக்கொள்ள’ அனுமதி. இங்கே ‘வைத்துக்கொள்ளவே’ அனுமதி. நம் சட்டத்தில் மறைத்து எடுத்துச் செல்வதற்குத் தனி லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் ஒரே புத்தகத்தில் அடங்கும். எந்த எல்லைக்குள் கொண்டுபோகலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். பொது இடத்தில் வெளியே எடுத்துக் காட்டுவதுதான் இங்கே விதிமீறல்.

காந்தி இந்தக் கதைக்குள் வருவார் என்று பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சி செய்த கேடுகளில் மிக மோசமானதாக அவர் கருதினார். 1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்த்தபோது துண்டறிக்கையிலேயே அதை எழுதினார். உப்புச் சத்தியாகிரகத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1930 ஜனவரியில், வைஸ்ராய் இர்வினுக்கு வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரியும் மதுவிலக்கும் இருந்தன. தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, வழங்க வேண்டும் என்பதும் இருந்தது. அகிம்சைக்காரர் ஏன் இதைக் கேட்டார்? ஆயுதத்தை வேண்டாம் என்று வைக்கிறவனுக்குத்தான் அகிம்சை. ஆயுதமே கிடைக்காதவனுக்கு அது வெறும் கையாலாகாத்தனம். 1931-இல் கராச்சி காங்கிரஸ், அடிப்படை உரிமைகளின் பட்டியலில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும், விதிகளுக்கு உட்பட்டு, சேர்த்தது.

சுதந்திரம் வந்ததும் கணக்கு தலைகீழானது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்தக் கராச்சி வாக்குறுதியை நினைவூட்டி, ஆயுத உரிமையை அரசியல் சாசனத்தில் எழுதச் சொன்னார். அம்பேத்கர் மறுத்தார். எல்லோருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் குற்றவாளியின் கையிலிருந்தும் பிடுங்க முடியாதே என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயாத காலம் அது. நேற்றுவரை ஆட்சியைப் பார்த்துக் குறை சொன்னவர்கள் இன்று ஆட்சியில் இருந்தார்கள். அவர்களுக்கும் ஓர் அச்சம் இருந்தது. வெள்ளைக்காரனின் அச்சம் தன் நாற்காலியைப் பற்றியது; இவர்களுடையது ஒரு குடிமகனிடமிருந்து இன்னொரு குடிமகனை எப்படிக் காப்பது என்பது. நோக்கம் வேறானாலும், கை நீட்டிக் கேட்க வேண்டிய இடத்தில்தான் குடிமகன் தொடர்ந்து நின்றான்.

ஆனாலும் 1959-இல் வந்து 1962 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த ஆயுதச் சட்டம் பழையதன் நகல் இல்லை. நிறவேறுபாட்டுக்கு அதில் இடமில்லை. வாளுக்கும் ஈட்டிக்கும், அரசு தனியாக அறிவிக்கும் பகுதிகளைத் தவிர, லைசென்ஸ் தேவையில்லை என்றானது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே பயன்படும் பொருள்கள், லத்தி, கைத்தடி போன்றவை, ஆயுதமே அல்ல என்று சட்டமே சொன்னது. அதைவிட முக்கியமான ஒன்று 13-ஆம் பிரிவில் இருக்கிறது. பேச்சில் யாரும் அதைக் குறிப்பிடுவதில்லை.

அந்தப் பிரிவில் இரண்டு வாசல்கள் உண்டு. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் நீளமுள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியைக் காவலுக்கோ விளையாட்டுக்கோ கேட்டாலும், குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்க்காவலுக்குக் கேட்டாலும் அதிகாரி ‘தர வேண்டும்’. மறுக்கச் சட்டத்தில் சொன்ன காரணம் ஏதாவது அவரிடம் இருக்க வேண்டும். இது முதல் வாசல். ரிவால்வர், பிஸ்டல், ரைபிள் எல்லாம் இரண்டாவது வாசல். அங்கே கேட்கிறவரிடம் ‘தக்க காரணம்’ இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அமெரிக்காவின் மாநிலங்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டையிட்டது இந்த இரண்டு வாசல்களைப் பற்றித்தான். தகுதி இருந்தால் தந்தே ஆக வேண்டும் என்ற பக்கம் 1987-இல் புளோரிடா போன பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் போயின; தக்க காரணம் காட்டு என்று நூறு ஆண்டுகள் பிடிவாதமாக இருந்த நியூயார்க்கின் விதியை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் நாடாளுமன்றம் 1959-லேயே இரண்டையும் ஒரே பிரிவுக்குள் வைத்துவிட்டது. விவசாயியின் துப்பாக்கிக்கு முதல் வாசல், சட்டைக்குள் மறையும் துப்பாக்கிக்கு இரண்டாவது.

நம் அதியமான்கோட்டைக்காரருக்கு வேண்டியது கைத்துப்பாக்கி என்றால் அவர் இரண்டாவது வாசலில் நிற்கிறார். 21 வயது முடிந்திருக்க வேண்டும். 2016 விதிகளின்படி படிவத்தோடு மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயின்றதற்கான சான்று, பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் சேர வேண்டும். கலெக்டர் அலுவலகத்திலிருந்து கோப்பு போலீசுக்குப் போய், கடைசியில் அதியமான்கோட்டை ஸ்டேஷனுக்கே இறங்கி வரும். ஆள் எப்படி, வழக்கு உண்டா, குடி உண்டா, பங்காளிச் சண்டை உண்டா, சொல்லும் மிரட்டல் நிஜமா என்று அங்கே விசாரிப்பார்கள். நல்லம்பள்ளி தாலுகா அலுவலகத்திலிருந்து வருவாய்த்துறையின் விசாரணை தனி. சிறிய ஊரில் இது ரகசியமாக நடக்காது. வி.ஏ.ஓ. வந்து கேட்ட மறுநாள் டீக்கடைக்கே தெரிந்துவிடும். மறைத்து வைத்துக்கொள்ளத் துப்பாக்கி கேட்டவர், கேட்டார் என்பதை மட்டும் மறைக்க முடியாது.

இந்த வாசலில் அரசு எடை போடுவது விண்ணப்பதாரரின் அச்சத்தை. 1801-இல் ஆள்கிறவனின் அச்சம் மட்டுமே கணக்கில் இருந்தது. இப்போது கேட்கிறவர் தன் உயிருக்கு ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். பணக்காரர், நாலு பேருக்குத் தெரிந்தவர் என்பது போதாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். கிடைத்துவிட்டாலும் எந்தத் துப்பாக்கியையும் வாங்க முடியாது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற ரகங்கள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. ஆகவே பெரும்பாலும் அரசு ஆலையில் செய்த .32 ரிவால்வரில் வந்து நிற்பார்கள். 2014-இல் கான்பூர் ஆலை பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய ‘நிர்பீக்’ ரிவால்வர் அரைக் கிலோ எடை. விலை அப்போது ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அச்சம் எல்லோருக்கும் பொது, அதைத் தணிக்கும் கருவி அப்படியில்லை.

வாங்கிய பிறகும் புத்தகம் சும்மா விடாது. வாங்கும் தோட்டாவுக்குக் கணக்கு, குறித்த காலத்தில் ரினீவல். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலான துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்கோ துப்பாக்கிக் கடைக்கோ போய்விடும். முடிவு வந்த பிறகுதான் வீடு திரும்பும். 1983-இல் ஒருவருக்கு மூன்று என்று வைத்த உச்சவரம்பு 2019 திருத்தத்தில் இரண்டானது. லைசென்ஸ் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டானது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம்.

இவையெல்லாம் இரண்டாவது வாசலின் கதை. தர்மபுரி மாவட்டத்துக்கு அதிகம் பொருந்துவது முதல் வாசல்தான். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் காட்டோரங்களில் ராகியும் நிலக்கடலையும் போட்டவனுக்கு எதிரி திருடனில்லை, காட்டுப் பன்றி. அவனை நினைத்துத்தான் ‘தர வேண்டும்’ என்று 1959-இல் எழுதினார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருந்தாலும் அனுமதியில்லாமல் பன்றியைச் சுட முடியாது. சரணாலயத்தின் எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவருக்குப் புதிய லைசென்ஸ் தர வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே இசைய வேண்டும். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பத்துக் கிலோமீட்டர் கோடும் கூடவே வந்து ஊர்களைச் சுற்றி விழுந்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றித் தொல்லைக்கு ஒரு முறை வகுத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றைத் தாண்டினால் சுடலாம். சுடுவது விவசாயி இல்லை, வனத்துறை.

இதில் விலங்குக்கு நியாயம் இருக்கிறது. வேட்டையும் கடத்தலும் இந்தக் காடுகளை என்ன செய்தன என்பதை, 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனின் கதை முடியும்வரை இந்த மாவட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். சட்டம் அதிகம் அஞ்சாத துப்பாக்கி, மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதற்குத்தான் வாசலை அகலமாகத் திறந்து வைத்தது. மலைக்கிராமங்களில் லைசென்ஸ் இல்லாமல் அகப்படுவதும் அதே துப்பாக்கிதான். வைத்திருந்தால் இப்போது குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஐந்து ஆண்டு சிறை. செய்து கொடுத்த கொல்லனுக்கு ஏழு ஆண்டிலிருந்து ஆயுள்வரை. தானாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீசும் வனத்துறையும் அறிவிப்பதும், ஊர்ப் பெரியவர்கள் மூலமாகத் துப்பாக்கிகள் வந்து குவிவதும் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பலமுறை நடந்தாயிற்று. மறுபடியும் அறிவிக்க வேண்டி வருகிறது என்றால் மறுபடியும் இருக்கின்றன என்றுதான் பொருள்.

துப்பாக்கியை எளிதாகக் கொடு என்று இதிலிருந்து முடிவெடுப்பது அவசரம். நான் முடிவெடுப்பது வேறு. கலெக்டர் அலுவலகம்வரை நடந்து, காகிதம் சேர்த்து, தன் அச்சத்தை அதிகாரிக்குப் புரியும் மொழியில் எழுதத் தெரிந்தவரைத்தான் இந்த லைசென்ஸ் முறை பார்க்கிறது. பதில் மறுப்பாக இருந்தாலும் அவருக்கு ஒரு பதில் கிடைக்கிறது. விளைச்சல் போய்விடுமோ என்ற அச்சத்தை எடுத்துக்கொண்டு வருகிறவனிடம் ‘எதற்காக’ என்று கேட்கும் அதிகாரம் இப்போது மூன்று துறைகளிடம் இருக்கிறது. பன்றி மேய்ந்த ராகிக்கு உரிய இழப்பீட்டை அறுவடைக்குள் அவன் கையில் கொடுக்கும் பொறுப்பை அதில் ஒரு துறை ஏற்றுக்கொண்டால், மலையில் ஒளிந்திருக்கும் துப்பாக்கிகளில் பாதிக்கு வேலையே இருக்காது.